இரவல் வந்த கோள்

ஏடிஎஸ்-6 என்ற பெயரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. 1974 மே 30ஆம் தேதி அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையிலிருந்து டைட்டன்-3சி ராக்கெட்டில் கிளம்பிய செயற்கைக்கோள் அது. ஐந்து ஆண்டுகள் உழைத்தது. அதற்குள் அலாஸ்காவின் பனி ஊர்களுக்கும், அப்பலேச்சிய மலைப்பகுதி ஆசிரியர்களுக்கும், ராஜஸ்தான், பீகார், ஒரிசா, ஆந்திரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் பாடம் சுமந்தது. கோள் ஒன்று, பிள்ளைகள் இரண்டு கண்டத்தவர்கள். ஒரு கண்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் மறு கண்டத்துப் பிள்ளைகளிடமிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்தார்கள், கொடுத்தார்கள், பிறகு திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். வகுப்பறையை உலகத்தோடு இணைப்பது பற்றி நாம் இன்று பேசுகிற எல்லாப் பேச்சுக்கும் முன்னால் இந்தக் கோளின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அதன் வேர் 1945இல் இருக்கிறது. அந்த அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரிட்டிஷ் இதழில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை விட்டால், பூமி தன்னைச் சுற்றிக்கொள்ள எடுக்கும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று வரும். தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்பது அவர் கணக்கு. 1960களில் அது நடந்தேவிட்டது. ஆனால் அன்றைய கோள்களுக்குச் சக்தி குறைவு. அவை அனுப்பும் அலை தரைக்கு வந்து சேரும்போது மிக மெலிந்துவிடும். அதைப் பிடிக்க 30 மீட்டர் அளவுக்கு விட்டமுள்ள அலைவாங்கிகள் வேண்டியிருந்தன. புனேக்கு அருகில் ஆர்வியில் 1971இல் இந்தியா திறந்த தரைநிலையத்தில் இருந்தது அப்படிப்பட்ட ராட்சத அலைவாங்கிதான். நாட்டுக்கு ஒன்றிரண்டு அப்படி வைக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வைக்க முடியாது.

ஏடிஎஸ்-6 அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பியது. பெரிய அலைவாங்கியை மேலே கொண்டுபோய்விட்டால் கீழே சின்னது போதும் அல்லவா? கோளின் முதுகில் 9 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான விட்டத்தில் ஒரு கிண்ண அலைவாங்கியைப் பொருத்தினார்கள். 48 அலுமினிய விலாக்கள், அவற்றின் மேல் செம்பு பூசிய நூல்வலை. அவ்வளவு பெரியதை ராக்கெட்டின் தலைக்குள் நுழைக்க முடியாது. விலாக்களை நடுத்தண்டைச் சுற்றி இறுகச் சுருட்டி, 2 மீட்டர் அகலமுள்ள வளையமாக்கி மேலே அனுப்பினார்கள். சுற்றுப்பாதைக்குப் போன பிறகு கட்டை அவிழ்த்ததும் குடைபோல விரிந்துகொண்டது. அதற்கு முன், பூமியோடு ஒத்துச் சுற்றும் புவிநிலைப் பாதையில் நின்ற தொடர்புக் கோள்கள் நிலை தவறாமல் இருக்கத் தம்மைத்தாமே சுழற்றிக்கொண்டிருந்தன. இது சுழலாமல் நின்றது. மூன்று அச்சுகளிலும் தன்னை நிலைநிறுத்திக்கொண்டு அலைவாங்கியை வேண்டிய பக்கம் திருப்பிப் பிடித்தது. புவிநிலைப் பாதையில் அப்படி நின்ற முதல் கோள் இதுதான். இதனால் தரையில் 3 மீட்டர் கிண்ணம் ஒன்று இருந்தால் படம் தெரிந்தது. முதல் முறையாக, ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தின் கூரையோ முற்றமோ செயற்கைக்கோளுக்குப் போதுமான இடமாயிற்று.

ஒரு தகவலை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வருவதெல்லாம் அதைப் பொறுத்தது. ஏவுவதற்கு முன் இந்தக் கோளுக்கு ஏடிஎஸ்-எஃப் என்று பெயர். இதற்கு ஏடிஎஸ்-ஜி என்று ஒரு இரட்டையும் திட்டத்தில் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக நாசா 1973இல் அதைக் கைவிட்டது. அதனால் மேலே போனது ஒன்றே ஒன்று.

முதல் ஆண்டு அது அமெரிக்காவுக்கு உழைத்தது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், மேற்குத் தீர்க்கரேகை 94 பாகையில் நிறுத்தினார்கள். மருத்துவமும் கல்வியும் எட்டாத மூன்று பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று அப்பலேச்சியா, நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும் சேர்ந்து கிடக்கும் கிழக்கு மலைப்பகுதி. அங்கே பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் போயின. நிகழ்ச்சிகள் கென்டக்கிப் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டன. இரண்டாவது ராக்கி மலைத்தொடர். டென்வரை மையமாக வைத்து எட்டு மாநிலங்களின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு, என்ன வேலைக்குப் போகலாம், எதைப் படிக்கலாம் என்று வளரிளம் பிள்ளைகளுக்குச் சொல்லும் நிகழ்ச்சிகள் போயின.

மூன்றாவது அலாஸ்கா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அங்கே பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது. சிறு விமானம் அல்லது ஆறு. ஆறும் உறைந்துவிட்டால் பனிச்சறுக்கு வண்டி. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். இந்த ஊர்களுக்கு என்ன ஒளிபரப்புவது என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஆதிக்குடி மக்களைக் கொண்ட குழுக்களை அமைத்து, எந்தப் பாடம் வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார்கள். குழந்தைகளின் பேச்சுத்திறன், உடல்நலம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றோடு 'அலாஸ்கா நேட்டிவ் மேகசீன்' என்று பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றும் இருந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் ஊரிலிருந்தே திரும்பப் பேசினார்கள். படம் ஏடிஎஸ்-6 வழியாகக் கீழே வந்தது. குரல் 1966இல் ஏவப்பட்ட ஏடிஎஸ்-1 என்ற பழைய கோளின் வழியாக மேலே போனது. படத்துக்குத்தான் புதுக் கோள் வேண்டும், குரலுக்குப் பழையதே போதும். நோயாளியை ஊரிலேயே வைத்துக்கொண்டு தொலைவிலுள்ள மருத்துவர்களிடம் காட்டி ஆலோசனை கேட்டதும் இதே கோளின் வழியாகத்தான்.

ஒரு கல்வியாண்டு முடிந்தது. பிறகு கோளை இந்தியாவுக்குக் கொடுத்தாக வேண்டும். அது ஏற்கெனவே எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்தவர் விக்ரம் சாராபாய். 1959 செப்டம்பரில் தில்லியில் சோதனையாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1960களின் இறுதி வரை தில்லியைத் தாண்டவில்லை. 1967 ஜனவரி 26 அன்று தில்லியைச் சுற்றிய 80 கிராமங்களில் பொதுப் பெட்டிகளை வைத்து 'கிருஷி தர்ஷன்' தொடங்கியபோதுதான், தொலைக்காட்சியால் ஓர் உழவருக்கு என்ன பயன் என்று முதல் முறையாக நேரில் பார்த்தார்கள். எல்லா நாடுகளும் போன வழி ஒன்று உண்டு: முதலில் பெருநகரம், பிறகு சிறுநகரம், கடைசியில் கிராமம். சாராபாய் இந்த வரிசையை ஏற்கவில்லை. நகரத்தில் கோபுரம் கட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே போனால் கடைசி ஊருக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்; செயற்கைக்கோளுக்கோ தில்லியும் ஒரிசாவின் கடைக்கோடி ஊரும் ஒரே தூரம். முதலில் கிராமத்துக்குப் போவோம் என்றார். 1969 செப்டம்பர் 18 அன்று இந்திய அணுசக்தித் துறையும் நாசாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கோள் நாசாவுடையது, ஓர் ஆண்டு இரவல். தரையிலுள்ள எல்லாம், நிகழ்ச்சிகள் உட்பட, இந்தியாவின் பொறுப்பு. செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்பது திட்டத்தின் முழுப்பெயர். எல்லோரும் சொன்னது சுருக்கமாக 'சைட்'. சாராபாய் அதைப் பார்க்கவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று இறந்துபோனார். பணியை யஷ் பால், ஈ. வி. சிட்னிஸ் போன்றவர்கள் அகமதாபாத்தில் இருந்து முன்னெடுத்தார்கள்.

1975 கோடையில் கோள் நகரத் தொடங்கியது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளை நகர்த்துவது என்றால் அதன் சுற்றுப்பாதையைச் சற்றே மாற்றி, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகாமல் விட்டுவிடுவது. நாளுக்குச் சில பாகை என்று அது தானாகவே கிழக்கே விலகும். வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகை, அதாவது கென்யாவுக்கு மேலே, அதன் புது இருப்பிடம். அங்கே போய்ச் சேர்ந்த கையோடு ஜூலை நடுவில் இன்னொரு வேலையும் செய்தது. அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயூஸும் விண்வெளியில் கைகோத்தபோது அந்தப் படங்களைத் தரைக்கு அனுப்பியதில் இதற்கும் பங்குண்டு.

அலாஸ்காவில் அப்போது என்ன நடந்தது? திரை இருண்டது. இரட்டைக் கோள் கைவிடப்பட்டதால் மாற்று ஏதும் இல்லை. பிள்ளைகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஓர் ஆண்டாகப் பழகிய இணைப்பு அறுந்தது. இந்தியாவின் பேறு அவர்களுடைய இழப்பு என்பதை நம் ஊர்ப் பாராட்டுரைகளில் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு நமக்கும் அதுவே நடக்கப்போகிறது என்பதற்காக மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் தேவையாக இருந்தது என்பதற்காக.

1975 ஆகஸ்ட் 1 அன்று இந்திரா காந்தி 'சைட்' ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். ஆறு மாநிலங்கள், 20 மாவட்டங்கள், மாநிலத்துக்கு 400 வீதம் 2,400 கிராமங்கள் என்பது திட்டம். தமிழ்நாடு அதில் இல்லை. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது அதே ஆகஸ்ட் 15ஆம் தேதி. ஆக, மதராஸ் மாநகரத்து வீடுகளில் படம் தெரிவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, பேருந்துகூடச் சரியாகப் போகாத ஒரிசா, ராஜஸ்தான் ஊர்களில் தெரிந்துவிட்டது. சாராபாய் கேட்ட வரிசை மாற்றம் இதுதான்.

அந்த ஊர்களில் நின்ற அலைவாங்கிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோழி அடைக்கிற கம்பிவலை இருக்கிறதே, அதை 3 மீட்டர் கிண்ணச் சட்டத்தின் மேல் கட்டியதுதான் அலைவாங்கி. கோள் அனுப்பிய 860 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். கம்பிவலையின் கண்கள் அதைவிட மிகச் சிறியவை என்பதால், அந்த அலைக்கு அது ஓட்டையில்லாத தகடு மாதிரியே. காற்று ஊடே போய்விடும், பாரம் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், கிழிந்தால் உள்ளூரிலேயே ஒட்டுப்போடலாம். அதிலிருந்து ஒரு கம்பி, அலையை மாற்றிக்கொடுக்கும் ஒரு சிறு கருவி, அப்புறம் பெட்டி. பெட்டிகளை ஹைதராபாத்தில் இசிஐஎல் செய்தது. மின்சாரம் வராத ஊர்களில் சிலவற்றில் பேட்டரியில் ஓடின. தூசி, வெயில், மழை, மின்னழுத்தம் ஏறி இறங்குவது, எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று கணக்குப்போட்டுச் செய்தார்கள்.

அதைவிட முக்கியம் பராமரிப்பு. பெட்டி பழுதானால் யாருக்குச் சொல்வது, யார் வருவது, எத்தனை நாளில் வருவது என்று மாவட்டவாரியாக ஏற்பாடு இருந்தது. ஜீப்பில் ஆட்கள் உதிரிப்பாகங்களோடு போனார்கள். ஊரில் பெட்டிக்குப் பொறுப்பாளி ஒருவர். பல இடங்களில் அது பள்ளிக்கூடத்து ஆசிரியர். சாவி அவரிடம். காலையில் திறந்து பிள்ளைகளை உட்காரவைப்பவரும் அவர், மாலையில் ஊராருக்குப் போட்டுக்காட்டுபவரும் அவர். இந்தப் பெட்டிகளில் பெரும்பான்மை எந்த நாளிலும் ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான் 'சைட்' திட்டத்தின் மிகப்பெரிய சாதனை என்பது என் கருத்து. கோளைச் செய்தது அமெரிக்கா. கோளைப் பயனுள்ளதாக்கியது கோழிவலையும் ஜீப்பும் சாவி வைத்திருந்த வாத்தியாரும்.

ஒளிபரப்பு நாளுக்கு 4 மணி நேரம். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு: 5 முதல் 12 வயது வரை, இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒடியா ஆகிய நான்கு மொழிகளில், மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு: வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம், கொஞ்சம் பாட்டு, கூத்து, செய்தி. ஒரு படத்துக்கு இரண்டு ஒலித்தடங்கள் வைக்கலாம் என்பதால், ஒரே படத்தை ஒரு மாநிலத்தில் ஒரு மொழியிலும் இன்னொரு மாநிலத்தில் மற்றொரு மொழியிலும் கேட்க முடிந்தது. பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோவே பம்பாயில் எடுத்தது. பாடப்புத்தகத்தைத் திரையில் வாசிக்கும் வேலையை அவை செய்யவில்லை. கையில் கிடைப்பதை வைத்துச் செய்துபார், சுற்றியிருப்பதை உற்றுப்பார், ஏன் என்று கேள் என்றன. ஆசிரியர்களும் விடுபடவில்லை. 1975 அக்டோபரிலும் அடுத்த கோடையிலும் 12 நாள் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஏறக்குறைய 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கோளின் வழியாக அறிவியலும் கற்பித்தலும் கற்றுக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் நல்ல ஆசான்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பது அன்று வேறெந்த வழியிலும் முடிந்திருக்காது.

பயன் என்ன? இந்தக் கேள்வியை 'சைட்' தன்னைத்தானே கடுமையாகக் கேட்டுக்கொண்டது. அதற்காகவே அதன்மேல் எனக்கு மதிப்பு. சமூக அறிவியலாளர்கள் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள்; மானுடவியலாளர்கள் சில ஊர்களில் மாதக்கணக்காகத் தங்கிப் பார்த்தார்கள். கிடைத்த விடை கலப்பானது. பெட்டி வந்ததால் பள்ளியில் சேர்பவர்கள் கூடவில்லை, நின்றுபோகிறவர்கள் குறையவும் இல்லை. மாடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளை வீட்டில் தேவைப்பட்டால், பள்ளியில் படம் தெரிகிறது என்பது அதை மாற்றிவிடாது. ஆனால் வந்த பிள்ளைகளிடம் மொழித்திறன் கூடியிருந்தது. பல இடங்களிலிருந்தும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை கூடியிருந்தது. பெரியவர்களில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களே அதிகம் கற்றுக்கொண்டார்கள். முதல் நாட்களில் பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் கூடிய கூட்டம் பிறகு குறைந்து, நூறு பேர் அளவில் நிலைத்தது. புதுமை தேய்ந்த பிறகும் நூறு பேர் வந்தார்கள் என்றால் அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

குறைகளும் இருந்தன. பீகாருக்கும் ராஜஸ்தானுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் ஒரே இந்தி. ஊரில் பேசுகிற பேச்சுக்கும் பெட்டி பேசுகிற பேச்சுக்கும் இடைவெளி. நாட்டில் நெருக்கடிநிலை நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அரசாங்கம் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் ஊர்மக்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அலாஸ்காவில் இருந்தது இங்கே இல்லை. இங்கே படம் கீழே வந்தது. குரல் மேலே போகவில்லை. ஒரிசாவில் ஒரு சிறுமிக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. நிகழ்ச்சி எடுத்தவருக்கு, தான் சொன்னது புரிந்ததா என்று தெரிந்துகொள்ள அன்றைக்கே வழியில்லை. ஆயிரக்கணக்கான ஊர்களுக்குத் திரும்பப் பேசும் கருவி கொடுப்பது அன்றைய செலவில் இயலாத காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் குறை குறைதான். உலகம் வகுப்பறைக்குள் வந்தது, வகுப்பறை உலகத்துக்குப் போகவில்லை.

ஒரு வீட்டுக்கு மட்டும் விதிவிலக்காக இந்த ஒளிபரப்பு கடல் தாண்டிக் கிடைத்தது. கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதியதைத் தன் கூரையிலிருந்தே பார்க்கட்டும் என்று இந்தியப் பொறியாளர்கள் போய் அங்கே அலைவாங்கி அமைத்துக்கொடுத்தார்கள்.

1976 ஜூலை 31 அன்று ஓர் ஆண்டு முடிந்தது. கோளை இன்னும் சில காலம் விட்டுவைக்கலாகாதா என்ற ஏக்கம் இருந்தது. ஆனால் இரவல் இரவல்தான். ஏடிஎஸ்-6 மேற்கே நகர்ந்தது. போகிற வழியில் வளரும் நாடுகள் இருபத்தேழுக்கு, செயற்கைக்கோளால் என்ன செய்யலாம் என்று செய்துகாட்டியது. பிறகு மேற்குத் தீர்க்கரேகை 140 பாகையில், பசிபிக் கடலுக்கு மேலே நின்று மீதி நாட்களைக் கழித்தது. நிலையை நேர்செய்யும் உந்திகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. 1979 ஜூன் 30 அன்று, மற்றக் கோள்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், சுற்றுப்பாதைக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி நிறுத்திவிட்டார்கள். அங்கே காற்றில்லை, உராய்வில்லை. அதன் சடலம் இன்றும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அது விட்டுச்சென்றவற்றில் சில நன்றாக வாழ்ந்தன, சில திரிந்துபோயின. அப்பலேச்சிய ஆசிரியர்களுக்கான ஒளிபரப்புச் சேவை 1980இல் 'தி லேர்னிங் சேனல்' என்ற கேபிள் அலைவரிசையாயிற்று. 1991இல் டிஸ்கவரி நிறுவனம் வாங்கியது. இன்று நம் வீடுகளில் டிஎல்சி என்று சமையலும் திருமணமும் காட்டுகிற அலைவரிசை அதன் வழிவந்ததுதான். கல்விக்கென்று தொடங்கிய ஒன்று யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து என்னவாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மறுபக்கம், குரல் சுமந்த அந்தப் பழைய ஏடிஎஸ்-1. படம் காட்டும் வலு இருந்தும் அது பெரும்பாலும் பேச்சுக்கே பயன்பட்டது. 1971 முதல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் அதை வைத்து 'பீஸ்சாட்' என்ற வலையை நடத்தியது. பசிபிக் தீவுகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். ஃபிஜியை மையமாகக் கொண்ட தென் பசிபிக் பல்கலைக்கழகம் தீவு தீவாகச் சிதறிக்கிடந்த தன் மாணவர்களுக்கு அதன் வழியாகப் பாடம் நடத்தியது. கருவிகள் எளியவை, மலிவானவை. அந்தந்த இடத்து ஆட்களே இயக்கினார்கள். மூன்று ஆண்டுகள் உழைத்தால் போதும் என்ற கணக்கில் அனுப்பிய கோள் 1985 வரை ஓடியது. ஏடிஎஸ்-6 எவ்வளவோ சக்தி வாய்ந்தது. ஆனால் வகுப்பறைகளோடு நீண்டநாள் வாழ்ந்தது ஏடிஎஸ்-1தான்.

இந்தியாவில் 'சைட்' முடிந்த கையோடு ஜெய்ப்பூர், ஹைதராபாத், குல்பர்கா, ராய்ப்பூர், சம்பல்பூர், முசாஃபர்பூர் ஆகிய இடங்களில் தரைக் கோபுரங்கள் எழுந்தன. ஒளிபரப்பை இழந்த ஊர்களில் ஒரு பகுதிக்காவது படம் திரும்பியது. 1983இல் ஏவிய இன்சாட்-1பி நாட்டின் சொந்தக் கோள். அதில் 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' வந்தது. திரும்பப் பேசும் குரலுக்கோ 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1996இல் மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டமான ஜாபுவாவில் 150 ஊர்களில் படம் பெறும் நிலையங்களையும், 12 ஒன்றியத் தலைமையிடங்களில் கேள்வி கேட்கும் வசதியையும் இஸ்ரோ அமைத்தது. அலாஸ்காவில் 1974இல் இருந்தது இருபத்திரண்டு ஆண்டு கழித்து இங்கே வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எஜுசாட் ஏவப்பட்டது. 1,950 கிலோ எடை, இருவழிப் பேச்சுக்கென்றே அமைத்த வலைகள். 2010இல் அதன் ஆயுள் முடிந்தது. அதன் வலைகளில் பல சரியாகப் பயன்படாமல் கிடந்தன என்று மத்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. கோள் நன்றாகத்தான் இருந்தது, தரையில்தான் ஆளில்லை.

கேரளத்தில் மட்டும் 2005இல் எஜுசாட்டை நம்பித் தொடங்கிய விக்டர்ஸ் அலைவரிசை, கோள் போன பிறகும் நிற்கவில்லை. 2020 ஜூனில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது அதுவே மாநிலம் முழுவதற்கும் வகுப்பெடுத்தது. ஆசிரியர்களும் தொழில்நுட்ப ஆட்களும் கொண்ட ஓர் அமைப்பு பதினைந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதே காரணம். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது, பெருந்தொற்றில் கைகொடுத்தது. படம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் கேள்வி திரும்பி வருவதற்கான வழி அங்கும் ஆசிரியரின் கைப்பேசியாகத்தான் இருந்தது.

இந்தக் கோளின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. வகுப்பறையை உலகத்தோடு இணைப்பது வானத்தில் முடிவாகிற காரியம் இல்லை. இணைப்பு யாருடையது, கெட்டால் யார் சரிசெய்வார், பிள்ளையின் குரல் எந்த வழியாகத் திரும்பிப் போகும் என்ற மூன்றும் தரையில் முடிவாகின்றன. 'சைட்' இரண்டாவதை அற்புதமாகச் செய்தது. முதலாவது நம் கையில் இல்லை, மூன்றாவது இல்லவே இல்லை. எஜுசாட்டில் முதலும் மூன்றும் இருந்தன, இரண்டாவது தவறிப்போயிற்று.

இன்று நம் அரசுப் பள்ளிகளில் திறன் வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கின்றன. திரையும் இணையமும் கணினி ஆய்வகமும் வருகின்றன. வரவேற்க வேண்டியவைதான். உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒன்று வந்திருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் போங்கள். அந்தத் திரை பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். இணையக் கட்டணத்தை அடுத்த ஆண்டும் யார் கட்டுவார் என்று கேளுங்கள். திரையில் பேசுகிறவரிடம் நம் பிள்ளைகள் திரும்பக் கேள்வி கேட்க முடியுமா என்று கேளுங்கள். விடை இல்லையென்றால், விடை வரும்வரை விடாமல் கேளுங்கள்.